நா திருந்திய கதை
பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களைப் பற்றிய சில நினைவுகள்

பிறர் பேச்சில் உள்ள பிழையைக் கண்டு நகைப்பது எளிது. அப்பிழையை அவர் மனம் நோகாதவாறு எடுத்துக் கூறித் திருத்துவது அரிது. இந்த உண்மையை நாம் பல காலமாக அறிந்திருந்தோம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் சென்ற ஆண்டு வண்டன்மேட்டில் நடந்த நம் சங்கத்தின் பாட்டுப் போட்டியன்று, நமக்கு அஃது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது என்பது வெளிப்பட்டுவிட்டது.

அன்று மேடையேறிய பிள்ளைகளுள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவள். மலையாளப் பள்ளியில் பயில்பவள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் என்று வளர்ந்த நாவு அவளுடையது. பாட்டில் 'மஞ்சள்' என்று வந்த இடத்தில் 'மஞ்ஞள்' என்றாள். 'இறங்கி' என்று வந்த இடத்தில் 'இறங்ஙி' என்றாள். முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது. மேடையின் ஓரத்தில் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்த நாமும் சிரித்தோம் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. சிறுமி பாட்டைப் பாதியில் நிறுத்தி, இறங்கி, தாயின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இதில் வேடிக்கை என்னவெனில், நம்மில் பலருக்கு இன்றளவும் பிடிபடாத ழகரத்தை அவள் அப்பழுக்கின்றி ஒலித்தாள். மலையாளம் பயின்றதால் அவளுக்குக் கிட்டிய நன்மை அது. அதை ஒருவரும் கவனித்திலர். சில நாள் கழித்து அவள் தாயார் நம்மிடம், "அண்ணே, பிள்ளை இனிமே மேடைக்கு வரமாட்டேங்குது, வீட்டிலேகூட தமிழ்ப் பாட்டுப் பாடுறதை விட்டுடுச்சு" என்று கூறினார். அந்தச் சொல் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உறுத்தலின் காரணமாகவே, தமிழ் உச்சரிப்புப் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர்த் தமிழர் இல்லந்தோறும் குடியேறிய ஒரு பாடகரைப் பற்றி நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

ஹரிகதைக் கலைஞரின் மைந்தர்

ஸ்ரீபதி பண்டிதாராத்யுல பாலசுப்பிரமணியம் அவர்கள் 1946-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. தந்தையார் சாம்பமூர்த்தி ஹரிகதை நிகழ்த்துபவர். நெல்லூரில் வாழ்ந்த குடும்பம். பாட்டும் கதையும் வீட்டிலேயே இருந்தன எனினும், மகன் பொறியாளர் ஆகவேண்டும் என்பதே வீட்டாரின் அவா. அனந்தபூரில் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். நச்சுக்காய்ச்சல் கண்டதால் அப்படிப்பு இடையில் நின்றது. பிறகு சென்னை வந்து வேறு வழியாகப் பொறியியல் படிப்பைத் தொடர்ந்தார்.

முறையாகச் சங்கீதம் பயிலாதவர் அவர். கேட்டுக் கேட்டே பாடக் கற்றவர். கூடூரில் நடந்த ஒரு போட்டியில் அவருக்கு 2-ஆம் பரிசு அளிக்கப்பட்டபோது, அங்கே வந்திருந்த பாடகி எஸ். ஜானகி அம்மையார், முதற்பரிசு இந்த இளைஞருக்கே உரியது என்று எடுத்துரைத்ததோடு, திரைப்படத்தில் பாட முயலுமாறும் தூண்டினார். 1964-ஆம் ஆண்டு சென்னையில் தெலுங்கு அமைப்பு ஒன்று நடத்திய போட்டியில் அவர் முதற்பரிசு பெற்றார். அதைக் கேட்டிருந்த இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணி, அந்த இளைஞருக்கு ஆதரவாக நின்றார். 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், அவருடைய இசையிலேயே முதல் திரைப்பாடல் பதிவாயிற்று. பின்னாளில் பாலசுப்பிரமணியம் அவர்கள் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தபோது, அதற்குத் தம் பெயரையோ தம் பிள்ளைகளின் பெயரையோ இடவில்லை. கோதண்டபாணியின் பெயரையே இட்டார். கைகொடுத்துத் தூக்கியவரை மறவாமை இப்பாடகரின் வாழ்வில் இறுதிவரை காணக்கிடக்கிறது.

"தமிழைத் திருத்திக்கொண்டு வா"

தமிழ்த் திரையுலகில் அவர் முதலில் அணுகியவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன். இயக்குநர் ஸ்ரீதர் வாயிலாக அச்சந்திப்பு நேர்ந்தது. பாடிக் காட்டச் சொல்லிக் கேட்ட விசுவநாதன், குரல் நன்று, ஆயினும் தமிழ் உச்சரிப்புப் போதாது, அதைச் செம்மைப்படுத்திக்கொண்டு வந்தால் வாய்ப்புத் தருகிறேன் என்ற கருத்துப்படக் கூறி அனுப்பினார்.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டுகிறோம். விசுவநாதன் அவர்கள் பிறந்ததோ பாலக்காட்டுச் சீமை. மலையாள மண்ணிலிருந்து வந்து, தமிழ்த் திரையிசைக்கு அரசராக விளங்கியவர் அவர். வேற்று மொழிச் சூழலில் பிறந்து தமிழைத் தமதாக்கிக்கொண்ட ஒருவர், வேற்று மொழியில் பிறந்த இன்னொருவரிடம், நீயும் அவ்வாறே ஆக்கிக்கொள் என்று கூறினார். அச்சொல்லில் ஏளனம் இல்லை. கதவை அடைக்கும் கருத்தும் இல்லை. திருத்திக்கொண்டால் வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

சில காலம் சென்றபின், திருந்திய நாவோடு வந்த இளைஞரை விசுவநாதன் மறக்கவில்லை. எல்.ஆர். ஈசுவரியுடன் 'ஹோட்டல் ரம்பா' என்ற படத்திற்காக ஒரு பாடலைப் பாடவைத்தார். அப்படம் வெளிவராமற் போயிற்று. பின்னர் 'சாந்தி நிலையம்' படத்தில் பி. சுசீலாவுடன் பாடும் வாய்ப்பை நல்கினார். அதே காலத்தில், கே.வி. மகாதேவன் இசையில் 'அடிமைப் பெண்' படத்திற்கும் அழைப்பு வந்தது. எம்.ஜி.ஆர். நடிக்கும் படம்! அந்நேரம் பார்த்துப் பாடகருக்கு மீண்டும் கடுங்காய்ச்சல் கண்டது. வேறொருவரைக் கொண்டு பாடலை முடித்துவிடலாம் என்றோர் உண்டு. எம்.ஜி.ஆர். அதற்கு இசையவில்லை. எம்.ஜி.ஆர். படத்தில் பாடுகிறேன் என்று அந்தப் பையன் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பானே, இப்போது இல்லையென்றால் அவன் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணி, அவர் நலம்பெறும் வரை காத்திருந்தார். 1969-ஆம் ஆண்டு அப்படம் வெளிவந்தது. நிலவை அழைக்கும் அந்தப் பாடல் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. அதே 1969-இல் 'கடல்பாலம்' என்ற படத்தில் ஜி. தேவராஜனின் இசையில் மலையாளத்திலும் அவர் பாடினார் என்பது கேரளத்தில் வாழும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பேச்சு வழக்கும் பெருமையும்

அதன் பின்னர் நேர்ந்தவற்றை விரிப்பின் பெருகும். இளையராஜா, கங்கை அமரன் சகோதரர்கள் திரையுலகில் புகழ்பெறுமுன்னரே அவருடைய மெல்லிசைக் குழுவில் வாத்தியம் வாசித்தவர்கள். பிறகு இளையராஜாவின் இசையில் அவர் பாடியவை தமிழரின் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டன. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, மலையாளம் எனப் பல மொழிகளில் அவர் பாடியவை நாற்பதாயிரம் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு.

1980-இல் தெலுங்கில் 'சங்கராபரணம்' படம் வந்தது. கதாநாயகரே சாஸ்திரிய சங்கீத மேதை. சங்கீதம் முறையாகப் பயிலாத நாம் இதை எங்ஙனம் பாடுவது என்று பாடகர் தயங்கினார். கே.வி. மகாதேவனின் உதவியாளரான புகழேந்தி, பொறுமையோடு அப்பாடல்களைக் கற்பித்துப் பாடவைத்தார். தமிழ்ப் பெயர் பூண்ட அந்தப் புகழேந்தியும் கேரளத்தில் பிறந்தவரே. அப்படமே பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு முதல் தேசிய விருதைத் தேடித் தந்தது.

அடுத்த விருது இந்தியில் கிடைத்தது. கே. பாலசந்தர் 1981-இல் எடுத்த 'ஏக் தூஜே கே லியே' படத்திற்கு இவரைப் பாடவைக்க விரும்பியபோது, இசையமைப்பாளர்களான லட்சுமிகாந்த்-பியாரேலால் முதலில் இசையவில்லை. தென்னாட்டாரின் உச்சரிப்பில் இந்தி எடுபடாது என்பது அவர்கள் கருத்து. படத்தின் நாயகனே இந்தி அறியாத தமிழன்தானே, நாவில் சற்றே தமிழ் வாசனை வீசினால் அது பாத்திரத்துக்குப் பொருத்தம் என்று பாலசந்தர் வாதிட்டார். அப்பாடலுக்கே தேசிய விருது கிடைத்தது! 1989-இல் 'மைனே பியார் கியா' வெளிவந்தபின், வடநாட்டு இளைஞர்கள் சல்மான் கானின் குரல் என்றே அவர் குரலை எண்ணினர். மொத்தம் 6 தேசிய விருதுகள், 4 மொழிகளுக்கு. தமிழில் அவ்விருதைத் தந்தது ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'மின்சார கனவு'.

பாடியதோடு நில்லாமல், 'கேளடி கண்மணி' முதலிய படங்களில் நடித்தார். 'சிகரம்' படத்திற்கு இசையும் அமைத்தார். கமலஹாசனின் தமிழ்ப் படங்கள் தெலுங்கிற்குச் சென்றபோது பலவற்றில் அவருக்குக் குரல் கொடுத்தவர் இவரே. பிற மொழிப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் தம் கையாலேயே எழுதிவைத்துக்கொண்டு பாடுவது அவர் வழக்கம். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் அமர்ந்த ஆசிரியர்

நாம் இப்பாடகரை ஆசிரியராகக் கண்டது தொலைக்காட்சியிலேதான். 1996-ஆம் ஆண்டு ஈடிவி தெலுங்கு அலைவரிசையில் 'பாடுதா தீயகா' என்ற நிகழ்ச்சியை அவர் நடத்தத் தொடங்கினார். 'இனிமையாகப் பாடுவேன்' என்பது அதன் பொருள். பின்னர்க் கன்னடத்தில் 'எதெ தும்பி ஹாடுவெனு', தமிழில் ஜெயா தொலைக்காட்சியில் 'என்னோடு பாட்டுப் பாடுங்கள்', கலைஞர் தொலைக்காட்சியில் 'வானம்பாடி' என்று பல மொழிகளில் இளம் பாடகர்களை மேடையேற்றினார். இன்று பெயர் பெற்று விளங்கும் தெலுங்குப் பாடகர் பலர் அந்த மேடையில் முளைத்தவர்கள்.

அவர் அதை நடத்திய முறையே தனி. பாட்டுத் தொடங்குமுன் அதை இயற்றிய கவிஞர் யார், இசையமைத்தவர் யார், எந்தச் சூழலில் அது பிறந்தது என்பதை எடுத்துரைப்பார். பாடகர்களைத் தவிர ஏனையோர் பெயர் மறைந்து போகும் திரைத் தொழிலில், புல்லாங்குழல் வாசித்தவர் வரை நினைவுகூர்வார். பிள்ளை பாடி முடித்ததும், முதலில் நன்றாக அமைந்த இடத்தைக் கூறுவார். பிறகே பிழைக்கு வருவார். இந்தச் சொல்லின் பொருள் இது, ஆதலால் இங்கே அழுத்தம் வேண்டும், இங்கே மூச்சு வாங்கலாகாது என்று காரணத்தோடு விளக்கித் தாமே பாடிக் காட்டுவார். பிள்ளையை மறுபடி பாடச் சொல்லுவார். சரியாக வந்துவிட்டால் அவருடைய முகத்தில்தான் முதலில் மகிழ்ச்சி தோன்றும். தாம் இளமையில் செய்த பிழைகளைத் தாமே கூறி நகைப்பார். பிள்ளையின் பிழையைக் கண்டு நகைத்ததை நாம் கண்டதில்லை.

லயத்தில் தொலைக்காட்சி இருந்த வீடு அந்நாளில் ஒன்றிரண்டுதான். நாம் சிறுவராய் இருந்தபோது, பகலெல்லாம் ஏலக்காய் எடுத்து விரல் நுனி கறுத்த தாய்மார்கள், இரவுக் கஞ்சியை முடித்துக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். அவர்களுக்குச் சுருதி தெரியாது, தாளம் தெரியாது. ஆயினும் அவர் திருத்திய பின் அந்தப் பிள்ளை பாடியது முன்னதைவிட நன்றாயிருக்கிறது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கற்பித்தல் என்பது இதுதான் என்று நாம் அறிந்த முதல் இடம் அத்திண்ணை.

பணிவு

நம் கேரளத்தோடு அவருக்கிருந்த உறவு பெரிது. 2015-ஆம் ஆண்டு கேரள அரசின் ஹரிவராசனம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. சபரிமலைக்கு டோலியில் சென்றபோது, தம்மைச் சுமந்துவந்த தொழிலாளர்களின் கால்களைத் தொட்டு அவர் வணங்கிய காட்சியைப் படமாகக் கண்டோர் பலர். சுமை தூக்கிப் பிழைக்கும் குடும்பங்களில் பிறந்த நமக்கு அப்படம் சொல்லும் பொருளை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை. 2016-இல், திரையிசையில் 50 ஆண்டுகள் நிறைவுற்றபோது, தமக்கு விழா எடுக்கச் செய்வதை விடுத்து, அண்ணன் என்று தாம் போற்றிய கே.ஜே. யேசுதாஸ் அவர்களுக்குத் துணைவியாருடன் பாதபூசை செய்தார். போட்டியாளர் என்று உலகம் கருதக்கூடிய ஒருவரின் பாதங்களுக்கு அவர் நீர் வார்த்தார். 2020 பிப்ரவரியில் நெல்லூரில் உள்ள தம் பூர்வீக இல்லத்தை வேதபாடசாலைக்காகக் காஞ்சி மடத்திற்கு அளித்தார்.

மலைப்பாதை அடைபட்ட ஆண்டு

அந்த 2020-ஆம் ஆண்டைப் பற்றி நம் குடும்பங்களுக்குக் கூறவேண்டியதில்லை. மார்ச் மாதத்தில் நாடு அடைக்கப்பட்டது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் நாள்தோறும் விடியலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறி வந்த ஜீப்புகள் நின்றன. கம்பமெட்டிலும் குமுளியிலும் பாதை அடைபட்டது. மலைமேல் இருந்தோர் கீழே உள்ள உறவினரின் சாவுக்கும் செல்ல இயலாத நிலை. நாமோ தண்டவாளமே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் பிறந்து, இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பெற்றுப் பாலக்காட்டில் இருந்தோம். பயணி வண்டிகள் ஓடாத நிலையத்தின் அமைதி எத்தகையது என்பதை அப்போதுதான் கண்டோம்.

ஆகஸ்டு 5-ஆம் நாள் பாலசுப்பிரமணியம் அவர்கள் கொரோனா நோய்க்காகச் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். சிறு தொல்லைதான், கவலை வேண்டாம் என்று அவரே படக்காட்சி வாயிலாகக் கூறினார். சில நாளில் நிலைமை மோசமாயிற்று. ஆகஸ்டு 20-ஆம் நாள் மாலை, திரையுலகத்தார் விடுத்த வேண்டுகோளின்படி, மக்கள் தத்தம் இல்லங்களில் அவர் பாடல்களை ஒலிக்கச் செய்து பிரார்த்தனை செய்தனர். செப்டம்பர் 25-ஆம் நாள் பிற்பகல் அவர் இயற்கை எய்தினார். மறுநாள், சென்னைக்கு அருகே தாமரைப்பாக்கத்தில், காவல்துறை மரியாதையுடன் நல்லடக்கம் நடந்தது.

அன்று மாலை நம் தந்தையார் லயத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பாலு போயிட்டாருப்பா" என்றார். பிறகு நெடுநேரம் பேச்சில்லை. அவரது இளமையில் இலங்கை வானொலியில் கேட்ட குரல். ஜீப்பில் ஒலிநாடாவாக ஏறிவந்த குரல். திண்ணையில் தொலைக்காட்சியாக வந்தமர்ந்த குரல். துக்க வீட்டில் பாட்டு வைக்கலாகாது என்று எல்லோரும் பேசாதிருந்தார்களாம். மூதாட்டி ஒருவர்தான், "அவரு பாடட்டும், போடுங்க" என்றாராம். கைபேசி ஒன்றில் பாட்டு வைத்துக் கேட்டிருக்கிறார்கள். தந்தையார் அதை நமக்கும் கேட்கும்படி தொலைபேசியை அருகில் வைத்தார்.

அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை மறைவுக்குப்பின் அறிவித்தது. தெலுங்குப் பாட்டு நிகழ்ச்சியை அவர் மகன் எஸ்.பி. சரண் ஏற்று நடத்தலானார். 2024-இல், அவர் வாழ்ந்த சென்னை நுங்கம்பாக்கத்துத் தெருவுக்கு அவர் பெயர் சூட்டப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

நாம் செய்ய வேண்டுவது

தமிழ் சரியாக வரவில்லை என்ற சொல்லை அந்த இளைஞரும் கேட்டார். நம் தோட்டத்துச் சிறுமியும் கேட்டாள். அவருக்கு அச்சொல்லோடு ஒரு வழியும் காட்டப்பட்டது. நம் சிறுமிக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டுமே. தமிழ் அழிகிறது என்று கூட்டந்தோறும் வருந்தும் நாம், தமிழில் பாட வந்த ஒரு பிள்ளையின் வாயை நாமே அடைத்தோம். இதற்குப் பள்ளியையோ அரசையோ குறைகூறிப் பயனில்லை.

ஆகவே, இவ்வாண்டுப் போட்டிக்குச் சில ஏற்பாடுகளைச் சங்கத்தார் முன் வைத்துள்ளோம். போட்டிக்கு ஒரு மாதம் முன்னரே, ஞாயிறுதோறும் பிற்பகலில் பயிற்சி நடைபெறும். பிள்ளை எந்த எழுத்தில் வேண்டுமாயினும் பாட்டை எழுதி வரலாம். பெரியவர் ஒருவர் உடனமர்ந்து, பொருள் கூறி, சொல் சொல்லாக ஒலித்துக் காட்டுவார். மேடையில் பிழை நேர்ந்தால் நடுவர் பாட்டு முடிந்தபின் அருகழைத்துக் கூறுவார். அவையில் சிரிப்பவர் எவராயினும், மதிப்பெண் கூட்டும் குமாஸ்தாவே ஆயினும், வெளியே செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுவார்.

சென்ற வாரம் விடுப்பில் ஊருக்குச் சென்றபோது அச்சிறுமியின் இல்லம் சென்று, அன்று சிரித்தது தவறு என்று அவளிடமே கூறினோம். அவள் ஒன்றும் பேசவில்லை. புறப்படும் வேளையில் வாசல்வரை வந்து, "நிஜமாவே யாரும் சிரிக்கமாட்டாங்களா, மாமா?" என்றாள். மாட்டார்கள் என்று வாக்களித்து வந்திருக்கிறோம். அவள் வருவாளா என்பது இன்னும் தெரியவில்லை. வாக்கைக் காப்பது நம் அனைவர் கையிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் 2 மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளோடு அமர விரும்பும் அன்பர்கள், தாய்மார்கள், தத்தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.